கம்பளியும் ரசமும்

அச்சரப்பாக்கத்தில் சிவபெருமானுக்கே பிரயாணம் தடைப்பட்டது. பூமியைத் தேராகவும் சூரிய சந்திரர்களைச் சக்கரங்களாகவும் கொண்டு திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்டபோது, தேவர்கள் விநாயகரைத் தொழ மறந்தார்களாம். தேரின் அச்சு இங்கே முறிந்தது. அச்சு இற்ற பாக்கம் அச்சிறுபாக்கமாகி, ஜனங்களின் வாயில் அச்சரப்பாக்கமாயிற்று. எவ்வளவு பெரிய பிரயாணமானாலும் சின்னச் சம்பிரதாயம் ஒன்று அதை நிறுத்திவிடும் என்று இந்த ஊர்ப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரின் வழியாகக் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் ரயிலில் போய்வந்த இளைஞர்களில் ஒருவர் சீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. இன்டர்மீடியட்டோடு கணக்குக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆனால், அவர் சீமையில் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பது கதை எழுதுகிறவனுக்கு ஏற்ற விஷயம்தானே?

சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்தவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று தடுத்த தாயார், கடைசியில் நாமக்கல் நாமகிரித் தாயாரின் உத்தரவு என்று நம்பிச் சம்மதித்தாள். தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் குடுமியை எடுத்துக்கொண்டார். அவர்கள் பார்க்க அது நடக்க வேண்டாம் என்று எண்ணினார் போலும். 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 26.

டிரினிட்டி கல்லூரியில் அறை கொடுத்தார்கள். வெளியே கல்லும் புல்தரையும், உள்ளே கணப்பும் கட்டிலும். ஒரு நாள் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அவரைப் பார்க்க வந்தார். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் பெயர் பெற்றவர்தான் அவர். இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி இல்லையோ என்று மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் ஒழுங்காக விரித்து, மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி இருந்தன. இவர் அவற்றின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளியைப் புரட்டி, உள்ளே நுழைந்து படுக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.

சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் பாயில் படுத்துப் போர்வையை இழுத்துக்கொள்ளும் நமக்கு, உறை மாதிரி இருக்கும் படுக்கைக்குள் புக வேண்டுமென்று யார் சொன்னார்கள்? அந்த ஊர் மரியாதை வேறு. பிறர் சொந்த விஷயத்தைக் கேளாதிருப்பதே அங்கே பண்பு. “ராத்திரி நன்றாகத் தூங்கினாயா?” என்று துருவிக் கேட்பது அநாகரிகம்.

நம் மரியாதையோ இதற்கு நேர்மாறு. ‘போதும்’ என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றினால்தான் நமக்கு உபசாரம். ராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்து, ஒரு நண்பரையும் அவர் மணக்கப்போகும் பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை பெண்கள் வேண்டாம் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! நாலு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, பணம் அனுப்பும்படி. தம் விருந்தை மறுத்தது அவமானமாகப் பட்டது என்று பிறகு சொன்னாராம்.

கேளாத மரியாதை ஒன்று, விடாத மரியாதை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்திருந்தான். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. 1917ல் நோய் வந்து ஆஸ்பத்திரி வாசம் தொடங்கியது. குளிரும் சாப்பாடும்தான் அவரைக் கொன்றன என்று சொல்ல நான் துணியவில்லை. அப்போது க்ஷயம் என்றார்கள். குடலில் பற்றி ஈரலுக்குப் போன பழைய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்து மருத்துவர் ஒருவர் வாதித்திருக்கிறார்.

ஹார்டி நல்லவர். சில ஆண்டுகள் அநேகமாக நாள்தோறும் ராமானுஜனோடு பேசியவர். 1918ல் அவருக்கு ராயல் சொசைட்டி கௌரவமும் டிரினிட்டி பெல்லோ பதவியும் கிடைக்க முன்னின்றவர். ஆனாலும், எந்தப் புத்தகங்களைப் படித்தாய், இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுகூடத் தாம் கேட்டதில்லை என்று பின்னாளில் வருந்தி எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். தினம் புதிது புதிதாகக் கொண்டுவந்து காட்டுகிறவரைப் பழையது கேட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டார்.

1919 மார்ச்சில் ராமானுஜன் தாய்நாடு திரும்பினார். இங்கே கேட்பதற்கு ஆள் குறைவில்லை. கடல் தாண்டினாரே, ராமேசுவரம் போய்ப் பிராயச்சித்தம் செய்தாரா என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் போக உடம்பில் தெம்பு இல்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் காலமானார். வைதிக உறவினர் பலர் சாவுக்கு வரவில்லை.

சீமையைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. இத்தனை பேர் நடுவில் எனக்கு அந்த மகலனோபிஸைத்தான் பிடித்திருக்கிறது. அவரும் வெளியூர்க்காரர், அவரும் சின்ன வயசுக்காரர். குளிருகிறது என்று ஒருவர் சொன்னார். உடனே எழுந்துபோய்க் கட்டிலைப் பார்த்தார்.