உடம்பு வாகும் ஒரு எலிக் கதையும்

போன ஆடிக்கு அழகர்கோவில் போய் ராத்திரி தங்கினோம். கொசு யாரையும் விட்டு வைக்கல. ஆனா ஊர் திரும்பினதும் காய்ச்சல்ல விழுந்தது தம்பி மட்டும்தான். "போத்திட்டுப் படுன்னா கேட்டியா?"ன்னு ஆளாளுக்கு அவனை ஏச, அப்பத்தா மட்டும் "அவனை ஏன்டா வையுறீங்க, அது உடம்பு வாகு"ன்னு முடிச்சிருச்சு.

இந்த 'உடம்பு வாகு'க்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு மக்களே. ஆரம்பம் நம்ம மெட்ராஸ்.

1903. மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர் சார்லஸ் டோனோவான், காலா அசார் காய்ச்சல்ல மண்ணீரல் வீங்கிக் கிடந்தவங்ககிட்ட ஒரு ஒட்டுண்ணியைக் கண்டார். அதே வருஷம் லீஷ்மன் என்கிற ராணுவ டாக்டரும் இதையே எழுத, ரொனால்ட் ராஸ் ரெண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவானி'ன்னு பேர் வச்சார். பரப்புறது மணல் ஈ.

சரி, ஒரே கிருமி ஒருத்தரைச் சாய்ச்சுட்டு இன்னொருத்தரை ஏன் விட்டுடுது?

1970கள்ல டேவிட் பிராட்லி பல எலி வம்சங்களுக்கு இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். சிலதுல மளமளன்னு பெருகுச்சு, சிலதுல அடங்கிடுச்சு. காரணம் ஒரே ஒரு மரபணு (பேரு எல்.எஸ்.ஹெச்). கதை முடிஞ்சதுன்னு நினைச்சா... இல்லை! ஆரம்பத்துல தோத்த எலிகள்லயே சிலது அப்புறம் தேறிடுச்சு, சிலது தேறவே இல்லை. அதைத் தீர்மானிக்கிறது வேறொரு குரோமோசோம்ல இருக்கிற எச்-2 மரபணுக்கூட்டம்னு 1980ல பிராட்லியும் ஜெனிஃபர் பிளாக்வெல்லும் எழுதினாங்க.

நம்ம ஊர்ப் பாணியில சொன்னா, முதலாவது பதினெட்டாம்படிக் கருப்பு மாதிரி வாசல் காவல். கிருமியை விழுங்கின செல்லுக்குள்ள, அதுக்கு வேண்டிய இரும்பு மாதிரி உலோகங்களை வெளியேத்திப் பட்டினி போடும். ரெண்டாவது, உள்ளே புகுந்தவனை அடையாளம் காட்டி ஊரையே திரட்டும். காவல் கோட்டை விட்டாலும் ஊர் திரண்டா பிழைச்சுக்கலாம். ரெண்டும் சேர்ந்ததுதான் வாகு.

எச்-2க்கு மனுஷங்ககிட்ட இருக்கிற ஜோடி ஹெச்.எல்.ஏ. 2013ல இந்தியா, பிரேசில் காலா அசார் நோயாளிகளை ஆராய்ஞ்சப்ப முன்னுக்கு வந்து நின்னது அதேதான்.

ஆகவே விழுந்தவனை ஏசாதீங்க, விழாதவங்க மார் தட்டாதீங்க. ஒரு மரபணுவைக் காட்டி "இவன் நோஞ்சான்"னு முத்திரை குத்தவும் முடியாது.

அதுக்காக அடுத்த ஆடிக்குக் கொசுவலை எடுக்காமப் போயிடாதீங்க :-) வாகு நம்ம கையில இல்ல, வலை இருக்கு.