திரை வந்தும் தீராத குறை

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியிலுள்ள கடற்கரை ஊரான பொழியூர், சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர் பலரைத் தந்தது. அவ்வூர் உட்படக் கேரளக் கால்பந்து இரசிகர் எளிதில் மறவாத நாள் 2023 மார்ச் 3.

அன்று பெங்களூரில் ஐ.எஸ்.எல். தகுதிச்சுற்று. கூடுதல் நேரத்தில் கேரள பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவரை அமைத்து முடிக்கும் முன்னரே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியைக் களத்திலிருந்து அழைத்துச் சென்றார். அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்கு 10 ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. அத்தொடரில் ‘வார்’ எனும் காணொளி நடுவர் முறை இல்லை. அது வேண்டுமென்ற குரல் வலுத்தது.

அம்முறை இருந்த இங்கிலாந்திலும் குறை தீரவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டயஸ் அடித்த முறையான கோல் ஆஃப்சைடு என மறுக்கப்பட்டது. களத்தில் கோல் வழங்கப்பட்டதாகவே எண்ணிய காணொளி அறை, சரிபார்ப்பு முடிந்தது என்றது. பிழை புலப்பட்டபோது ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. விதிப்படி திருத்த வழியில்லை.

இரண்டிலும் தீர்ப்பு உடனே வந்தது. அதன் காரணம் அரங்கிலிருந்தோரை எட்டவில்லை. அவ்வாண்டு மகளிர் உலகக் கோப்பையிலோ நடுவர்கள் காணொளித் தீர்ப்பை ஒலிவாங்கியில் அறிவித்தனர். கேரள இரசிகர் கேமராவோடு அந்தக் குரலையும் சேர்த்தே கேட்கவேண்டும்.