தட்டச்சிலிருந்து எழுத்துக்கு: மின்வெளியில் மாணவர் தமிழ்

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியேற்றத்திற்கும் தரம் வகுக்க முனைந்தது. தமிழைக் கணினியில் ஏற்றுவதே அன்றைய சிக்கல். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய பின்னர், ஏற்றப்படும் தமிழ் எத்தகையது என்பதும் வினாவாயிற்று. 2010இல் கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. தேர்வு விடை, மதிப்பிடுபவர் ஒருவரோடு முடிந்துவிடும். கலைக்களஞ்சியக் கட்டுரையோ சான்று கேட்கும். முன்பின் அறியாதாரும் அதனைத் திருத்துவர். திருத்தங்கள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். எனவே, தட்டச்சுப் பயிற்சி மட்டுமே மின்னூடக எழுத்துப் பயிற்சி ஆகாது. சான்று காட்டுதலும், பிறர் திருத்தத்தை ஏற்றலும், காரணங்கூறி மறுத்தலும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.