சொல்லுக்குப் போட்ட பூட்டு: 1954 மருந்து விளம்பரச் சட்டத்தின் கதை

கதவிடுக்கில் செருகப்பட்ட துண்டுச்சீட்டு, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகை, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. இவற்றில் ஏதாவது ஒன்றில் "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்" என்ற ரக வாசகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அப்படி விளம்பரம் செய்து மருந்து விற்கக் கூடாது என்று நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு 70 வயது தாண்டிவிட்டது. அது எப்படி வந்தது, எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் அடுத்த துண்டுச்சீட்டை வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

சட்டத்துக்கு முன்

பிரிட்டிஷ் ஆட்சியில் கலப்பட மருந்துகளும் தரமில்லாத இறக்குமதிகளும் பெருகியபோது, 1930-இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1940-இல் மருந்துகள் சட்டம் பிறந்தது. ஆனால் ஆயுர்வேத, யுனானி மருந்துகளை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. தவிர, அது பார்த்தது மருந்தின் தரத்தை. பத்திரிகை விளம்பரத்தில் ஒருவர் என்ன வாக்குறுதி கொடுக்கிறார் என்பதைக் கேட்க ஆளில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப 1954-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்பது அதன் பெயர். 1955 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

54 நோய்களின் பட்டியல்

எந்த வைத்திய முறை சரி, எது தவறு என்ற வழக்குக்குள் இந்தச் சட்டம் போகவே இல்லை. நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யாதே என்று மட்டும் சொன்னது. ஆங்கில மருந்தானாலும் சித்த மருந்தானாலும் விதி ஒன்றுதான். பட்டியலில் 54 இனங்கள். புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், கண்புரை, சிறுநீரகக் கல், பக்கவாதம், உடல் பருமன் எல்லாம் உண்டு. உயரமாக வளர்வதும் உண்டு! தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்ற விளம்பரத்துக்குத் தனிப் பிரிவு.

விளம்பரம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கம் சுவாரசியமானது. அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், மேலுறை இவற்றோடு, வாயால் சொல்வதும், ஒளி, ஒலி, புகை மூலம் தெரிவிப்பதும் விளம்பரமே. முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அப்போது தண்டனை வகுத்தார்கள்.

விதிவிலக்கும் உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் தன் மருத்துவமனை வாசலில் "இங்கே நீரிழிவுக்குச் சிகிச்சை அளிக்கப்படும்" என்று பலகை வைக்கலாம்.

நீதிமன்றத்தில்

ரூஹ் அஃப்சா சர்பத் நினைவிருக்கிறதா? அதைத் தயாரிக்கும் ஹம்தர்த் தவாகானாதான் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. யுனானி மருந்துகளுக்குப் பேர்போன நிறுவனம் அது. விளம்பரம் செய்வது பேச்சுரிமையின் ஒரு பகுதி, அதை அரசு பறிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தடை செய்யப்பட்ட மருந்தை விற்பதற்கான விளம்பரம் வியாபாரத்தின் அங்கம், அது கருத்துச் சுதந்திரத்தில் சேராது என்றது நீதிமன்றம். மக்கள் தாங்களே மருந்து வாங்கித் தங்களுக்கே வைத்தியம் செய்துகொண்டு கெட்டுப்போகாமல் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றும் ஏற்றுக்கொண்டது. அதே சமயம் அரசையும் விட்டுவைக்கவில்லை. எந்த வரைமுறையும் இல்லாமல் புதுப்புது நோய்களைச் சேர்க்கும் அதிகாரத்தையும், பறிமுதல் செய்யும் அதிகாரத்தையும் ரத்து செய்தது. 1963-இல் அந்தப் பகுதிகளைத் திருத்தி எழுதினார்கள்.

லைசென்ஸ் எண் எதற்குச் சாட்சி?

"அரசு அனுமதி பெற்றது, லைசென்ஸ் எண் இருக்கிறதே" என்பீர்கள். 1964-இல் செய்த திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. தயாரிக்க உரிமம் கட்டாயமானது. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பழைய நூல்களில் சொல்லியபடி செய்யும் மருந்துக்கு, அந்த நூலே ஆதாரமாக ஏற்கப்படும். ஆகவே, டப்பாவில் உள்ள எண், தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்பதற்குச் சாட்சி. உங்கள் சர்க்கரை நோய் தீரும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

விளம்பரத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று 2018-இல் 170-ஆம் விதியைச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025-இல் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ஆக, முன் அனுமதி விதி வந்தது, போனது. 1954 சட்டம் அதற்கெல்லாம் முன்பிருந்தே நிற்கிறது.

நமக்கு என்ன?

சட்டத்தின் ஒரு வரி நம்மைப் போன்ற சங்கங்களுக்கு முக்கியம். இப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் "எந்தப் பங்கும்" எடுக்கக் கூடாது என்கிறது அது. விற்பவரோடு பொறுப்பு முடியவில்லை. பலகையில் ஒட்ட அனுமதிப்பவரும், ஹாலை முகாமுக்குக் கொடுப்பவரும், குழுவில் தட்டிவிடுபவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் ஒட்டிய சீட்டை நம்பி பக்கத்து பிளாக் பெரியவர் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டால், அதன் பலன் அவர் உடம்பில்தான் விழும்.

மூலிகையையோ பாட்டி வைத்தியத்தையோ யாரும் குறை சொல்லவில்லை. சீட்டில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தீராத நோய்க்கு "முற்றிலும் குணம்" என்ற வாக்குறுதி இருக்கிறதா? பதிவு பெற்ற மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஏமாற்று விளம்பரம் என்று பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் செய்யலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை மட்டும், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.