வந்துசேர்ந்த பிள்ளைகளும் எமது ஆசிரியைகளும்

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த கதையை எமது பழைய மாணவியருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அதன்பின் இரவல் கட்டடங்களில் மாலைநேர வகுப்பு நடத்திய ஆசிரியைகளைப் பற்றி எமது மலர்கள் அதிகம் பேசியதில்லை. விடுகைப் பத்திரமின்றி வந்த பிள்ளையை எந்த வகுப்பில் இருத்துவது, தகப்பனைப் பற்றி வகுப்பின் நடுவே கேட்கலாமா என்பவற்றை எந்தக் கலாசாலையும் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை. தாமும் இடம்பெயர்ந்திருந்தபடியால் எதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முறையான பயிற்சி பின்னரே பரவலாயிற்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்களும் சாந்திகம் நிறுவனமும் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையைப் பலருக்குக் கற்பித்தனர், ஆசிரியர்களும் பயின்றனர். பயிற்சி நல்லது. ஆனால் பயின்று வந்த ஆசிரியைக்கே பதில் பாடவேளைகளையும் கொடுத்தால் அவர் எந்தப் பிள்ளையோடு எப்போது இருந்து கதைப்பது? இதை நாம் அந்நாளிலேயே கேட்டிருக்கிறோம்.

2009இன் பின் வேறு வகைப் பிள்ளைகள் வந்தனர். தமிழகத்து அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊருக்கு முதன்முறையாக வந்தவர்கள். அங்கே ‘சிலோன்காரப் பிள்ளை’. இங்கே பேச்சைக் கேட்டதும் ‘இந்தியாக்காரி’. தமிழ்ப் பிள்ளைகள்தானே, மொழிப் பிரச்சினை இராது என்றே எல்லோரும் எண்ணினர். விஞ்ஞான பாடத்தில்தான் உண்மை தெரிந்தது. அவர்கள் படித்தது ஆக்சிஜன், எமது நூலில் இருப்பது ஒட்சிசன். கார்பன் டை ஆக்சைடு இங்கே காபனீரொட்சைட்டு; இயற்பியல் பௌதிகவியல்; வேதியியல் இரசாயனவியல்; மீட்டர்கூட மீற்றர். விடை தெரிந்த பிள்ளை வினா விளங்காமல் பேசாதிருந்தாள். அதைக் கெட்டித்தனமின்மை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு எளிது! இதற்கு மேல் சிங்களம் என்ற புதிய பாடம். தமிழகத்தில் பொதுத்தேர்வு 10ஆம் வகுப்பில், எமது க.பொ.த. சாதாரண தரமோ தரம் 11இன் முடிவில். அங்கே ஒரு பொதுத்தேர்வு எழுதிய பிள்ளை இங்கே மறுபடி சாதாரண தரத்துக்கு இருக்கவேண்டி வந்தால், வயதும் மனமும் இரண்டுமே இடறும். குடியுரிமைப் பதிவுக்கு அலைந்த நாட்கள் வேறு.

எமது விஞ்ஞான ஆசிரியைகள் இருவர் இரண்டு நாட்டுப் பாடநூல்களையும் அருகருகே வைத்து ஒரு சொற்பட்டியல் எழுதினர். பாடசாலை விட்டபின் மற்ற ஆசிரியைகளையும் கூப்பிட்டு, வினாவை இரண்டு சொல்லாலும் கேட்கும்படி பழக்கினர். இதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. பிரதியெடுத்த செலவை எமது சங்கம் கொடுத்தது. எமது கணக்குப் புத்தகத்தில் அதனிலும் சிறிய செலவைக் காண்பது அரிது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஆசிரியப்பணி புரியும் எம்மவர் சிலர் அப்பட்டியலைக் கேட்டு வாங்கினர். வேற்று மொழி வகுப்பில் தம் பிள்ளைகள் வாய்திறவாதிருந்த நாட்கள் அவர்களுக்கு நினைவிருக்கும். முதலில் இரண்டு தாள்களாக இருந்த பட்டியல் இன்று ஒரு கொப்பியாகிவிட்டது. பிற்பகுதிச் சொற்களை எழுதியவர்கள் அந்த மாணவியரே.