பாட்டில்லாத படம் எடுத்த வீணைக்காரர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நீங்கள் சரித்திரம் படித்தவர், ஏதாவது சரித்திரமாகவே இருக்கட்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, நம் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை ஏற்கனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் நான் எதற்கு? அந்த வாரமே வேறொரு விஷயம் என் வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தது.

நான் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன் என்பது என் செட் நண்பர்களுக்குத் தெரியும். (அந்தக் காலத்தில் அதற்காக மூக்கைப் பொத்திக்கொண்ட இரண்டொருவரும் இதைப் படிப்பார்கள். சௌக்கியமா?) எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்போது நம் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அடையாறு கடலில் சேருகிற இடத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைப் பல பேர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1967-ல் மீனவர்கள் ஆற்றைக் கடந்து பட்டினப்பாக்கம் பக்கம் போவதற்காகக் கட்டியது, 1977-ல் உடைந்துபோனது. அதற்கப்புறம் அதில் நடந்து போனவர்களைவிட நடித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அங்கே வந்த ஷூட்டிங் ஒன்றில் கூட்டத்தில் நின்றான் இந்தப் பையன். அப்புறம் ஒரு வரி வசனம். இப்போது மூன்று படங்களில் கதாநாயகனின் நண்பர்களில் ஒருவன்.

ஒரு சாயங்காலம் வந்தான். "மாமா, நடிச்சது போதும். நானே படம் எடுக்கப் போறேன். நைனா போட்டு இஞ்சினை வித்துத் தரேன்னுட்டாரு. பாட்டு, பைட்டு ஒண்ணும் கிடையாது" என்றான்.

எனக்குப் பகீரென்றது. இஞ்சின் போனால் அப்பன் கடலுக்குப் போவது எப்படி? வேண்டாம்டா என்று சொல்லவும் வாய் வரவில்லை. "எஸ். பாலசந்தர் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். "எதிர்நீச்சல் எடுத்தாரே, அவரா?" என்றான். அவர் கே. பாலசந்தர். இவர் வேறு. அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஸ். பாலசந்தர் 1927 ஜனவரி 18-ல் பிறந்தவர். மயிலாப்பூர்க் குடும்பம். அப்பா சுந்தரம் அய்யர் வக்கீல், கலைப் பைத்தியம். 1934-ல் பிரபாத் கம்பெனி 'சீதா கல்யாணம்' எடுத்தபோது இந்தக் குடும்பமே அதில் நடித்தது. அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர். கூடப் பிறந்தவர்களே ராமரும் சீதையுமா என்று ஊர் பேசியதாம், பேசாமல் இருக்குமா? அந்தப் படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் ஏழு வயசுப் பையன்தான் நம்ம ஆள். அந்த ராஜம்தான் பின்னாளில் சங்கீத மும்மூர்த்திகளை ஓவியமாக வரைந்து புகழ்பெற்ற எஸ். ராஜம்.

கஞ்சிராவில் தொடங்கியவர் கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்தார். வீணைக்குக் குரு கிடையாது, தானே கற்றுக்கொண்டது. நாற்பதுகளில் வளர்ந்த பையனாக 'ரிஷ்யசிருங்கர்', 'ஆராய்ச்சிமணி' என்று நடித்துக்கொண்டே வந்து, 1948-ல் 'என் கணவர்' படத்தை இயக்கியபோது வயசு 21. 1951-ல் 'கைதி', அதிலும் அவரே நாயகன்.

நடிப்பிலிருந்து டைரக்‌ஷனுக்குப் போனவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. ராஜா சாண்டோ போயிருக்கிறார். நம் முதல் பேசும்பட நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி, இயக்கியிருக்கிறார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம். ஆனால் பையன் கேட்ட கேள்விக்குப் பொருத்தமானவர் பாலசந்தர்தான். ஏனென்றால் பாட்டு கிடையாது என்று அவனுக்கு முன்னால் சொன்னவர் அவர்.

குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த தாக்கத்தில் ஒரு கதை எழுதினார். ஒரே ஆளைப் பற்றிப் பலரும் பல விதமாகச் சொல்கிற கதை. முதலில் ரேடியோ நாடகமாக எழுதினார், அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஏவி. மெய்யப்பன் எடுத்துக்கொண்டார். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாக நடிக்கவும் செய்தார். சிவாஜி, பண்டரிபாய் நடித்து, 1954 ஏப்ரல் 13-ல் 'அந்த நாள்' வெளிவந்தது. பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அது. எடுத்தவர் யார்? சங்கீதமே மூச்சாக இருந்த மனுஷன்! அதே வருஷம் அதே ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில் அவர் நடிக்க, அவருக்குக் குரல் கொடுத்துப் பாடியவர் சந்திரபாபு. தனக்குப் பாடத் தெரியும், வாசிக்கத் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், தூர்தர்ஷனில். குப்பத்தில் எங்களுக்கு எட்டின ஒரே டி.வி. முன்னால் மணலில் நாற்பது ஐம்பது பேர். சிவாஜி படம் என்றதும் பெண்கள் சோற்றை வடித்துவைத்துவிட்டு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அரை மணி ஆச்சு, பெரியம்மா பொறுக்க மாட்டாமல், "இன்னாடா இது, பாட்டே வர்ல?" என்றாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசிவரை இருந்தது பத்துப் பேர்கூட இருக்காது. அதில் எங்க ஆயா ஒருத்தி. 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல் குண்டு போட்டதற்கு அடுத்த நாளில் நடக்கிற கதை அது. "வெளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுத்தி வெச்சிருந்த காலம்டா" என்று பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்லிக்கொண்டே ஆயா பார்த்தாள். மறுநாள் காலையில் வலை உலர்த்துகிற இடத்தில் யார் சுட்டது, சரியா தப்பா என்று பெரிய வாக்குவாதம். பாதியில் எழுந்து போனவர்கள்தான் அதில் அதிகம் பேசினார்கள். யார் சுட்டது என்று நான் சொல்ல மாட்டேன்; பார்க்காத மாணவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

1954-ல் தியேட்டர்களிலும் ஏறக்குறைய எங்கள் மணல் கதைதான். பத்திரிகைகள் பாராட்டின, ஜனம் பாட்டைத் தேடியது, வசூல் கைகொடுக்கவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ள'னுக்குப் போனது. அதில் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

இதற்குப் பின்னால்தான் நான் பையனுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்த பகுதி. அறுபதுகளில் பாலசந்தர் சொந்தமாகவே படம் எடுக்கத் தொடங்கினார். 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970). தயாரிப்பு, டைரக்‌ஷன், இசை எல்லாம் அவரே. மேலே நிற்க முதலாளி இல்லை, இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் பாருங்கள், மூன்றிலும் பாட்டு இருக்கிறது! செட்டியார் பணத்தில் பாட்டில்லாமல் எடுத்தவர், தன் பணம் என்றதும் பாட்டு வைத்துவிட்டார். பயந்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு படம் படுத்தாலும் அடுத்த படத்துக்குத் தாங்குகிற ஸ்டுடியோ அவர் பின்னால் இல்லை, அவ்வளவுதான். அதற்காகத் தன் சரக்கை விட்டுவிடவும் இல்லை. 'பொம்மை'யில் ஒரு நடக்கும் பொம்மைக்குள் வெடிகுண்டை வைத்து, அது கைமாறிக் கைமாறிப் போவதைக் காட்டி நம்மை நாற்காலி நுனியில் உட்காரவைத்தார். படம் முடிந்த பிறகு திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை அவரே நமக்கு அறிமுகம் செய்து வைப்பார். லைட்டைச் சுமந்தவனும் மனுஷன்தான் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்? 'நடு இரவில்' அகதா கிறிஸ்டி கதையை ஒட்டியது. எடுத்து முடித்தும் சில வருஷம் பெட்டிக்குள் கிடந்துதான் வெளிவந்தது.

அதோடு சினிமாவை விட்டார். அப்போது அவருக்கு வயசு 43. மீதி இருபது வருஷமும் வீணைதான். 1982-ல் பத்மபூஷண். 1990-ல் கச்சேரிக்குப் போன பிலாய் ஊரில் காலமானார். தேதி ஏப்ரல் 13, 'அந்த நாள்' வெளிவந்த அதே தேதி.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "அவருக்குத் திரும்பிப் போக வீணை இருந்துச்சு மாமா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இஞ்சினை விக்க வேணாம்னு நைனாகிட்ட சொல்லிடறேன். ஆனா படம் எடுப்பேன்" என்றான். பாட்டு உண்டா என்று நான் கேட்கவில்லை.

ஸ்கிரிப்டை முடித்துவிட்டான், இருபது நிமிஷப் படம். வாடகைக்குக் கேமராவும், ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரும் தேவை. நம் சங்கத்தில் சினிமா, டி.வி. துறையில் இருக்கிறவர்கள் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆண்டுவிழா அன்று சாயங்காலம் மைதானத்தில் நாற்காலி போடுகிற பையன்களில் அவனும் இருப்பான். என்னைக் கேட்டால் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைக்கிறேன்.