தியானமும் கீழ்ப்படிதலும்: ஃபிங்கன்வால்டே பயிற்சிப் பள்ளியின் திருமறை வாசிப்பு

அனுதினத் திருமறைத் தியானம் விசுவாசியின் தனிப்பட்ட ஆறுதலுக்குரியது என்றும், சீடத்துவம், அதாவது கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிந்து அவரைப் பின்பற்றும் வாழ்வு, அதற்கு வெளியே செயற்களத்தில் தொடங்குவது என்றும் கருதும் போக்கு திருச்சபைகளில் வேரூன்றியுள்ளது. இப்பிரிவினை பிழையானது என்பதற்கு, ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளி வலுவான சான்றாகும். நாஜிகளுக்கு இணங்கிய சபைத் தலைமையை ஏற்க மறுத்த புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களின் அமைப்பான அறிக்கைத் திருச்சபை நிறுவிய இப்பள்ளி, பால்டிக் கடற்கரையிலுள்ள ஜிங்ஸ்ட்டில் தொடங்கி, விரைவில் ஸ்டெட்டின் நகரை அடுத்த ஃபிங்கன்வால்டேவுக்கு இடம் மாறியது.

அங்கு ஒவ்வொரு காலையும் அரை மணி நேரம் மௌனத் தியானத்துக்கு ஒதுக்கப்பட்டது. சில வசனங்களே கொண்ட ஒரு சிறு பகுதி வாரம் முழுவதற்கும் அனைவருக்கும் பொதுவாகக் குறிக்கப்பட்டது. கிரேக்க மூலத்தையோ விளக்கவுரையையோ புரட்டாமல் லூத்தரின் மொழிபெயர்ப்பையே வாசிக்க வேண்டும். அடுத்த பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கவும் கூடாது. அந்த நேரத்தை எவ்வாறு கழிப்பதென்று அறியாமல் மாணவர் பலர் திணறினர், முணுமுணுப்பும் எழுந்தது. ஆயினும் இத்தடைகளில்தான் அம்முறையின் நுட்பம் அடங்கியுள்ளது. பிறருக்கு எதைச் சொல்வது என்ற கேள்வியுடனேயே வேதத்தைத் திறந்து பழகியவரிடமிருந்து அக்கேள்வி பறிக்கப்படும்போதுதான், அவர் தாமே அவ்வசனத்தால் விசாரிக்கப்படுபவராகிறார்.

1936-இல் இறையியலாளர் கார்ல் பார்த், இப்பயிற்சியில் துறவுமட வாடை வீசுவதாகக் கடிதம் வழியே தம் ஐயத்தைத் தெரிவித்தார். அது எளிதில் ஒதுக்கத்தக்க ஐயமன்று; ஏனெனில் உலகை மறந்த பக்தி, கொடுங்கோன்மைக்கு வசதியான துணையாகிவிடும். எனினும், மனந்திரும்புதலையும் கீழ்ப்படிதலையும் கோராத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று கண்டிக்கும் ‘நாக்ஃபோல்கே’ (பின்பற்றுதல்) என்னும் போன்ஹோஃபரின் நூல் இச்சூழலில் உருவாகி 1937-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கெஸ்டாப்போ என்னும் இரகசியக் காவல்துறை பள்ளியை மூடியது. ஆண்டிறுதிக்குள் அதன் முன்னாள் மாணவருள் 27 பேர் கைதாகியிருந்தனர். சிதறிய மாணவருக்குச் சுற்றறிக்கைகள் வழியே தியானப் பகுதிகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன.

1938 நவம்பர் 9 இரவில் ஜெர்மனி எங்கும் யூதரின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. போன்ஹோஃபரின் வேதாகமத்தில், தேவனுடைய ஆலயங்கள் சுட்டெரிக்கப்பட்டதைப் புலம்பும் 74-ஆம் சங்கீதத்தின் 8-ஆம் வசனத்தருகே அந்த நாள் எழுதப்பட்டுள்ளது. அதே மாதம் மாணவருக்கு எழுதிய சுற்றுமடலிலும் அச்சங்கீதத்தைத் தாம் மிகுதியாகச் சிந்தித்து வருவதைக் குறிப்பிட்டார். யூதர்மீது விழுந்தது தேவ தண்டனையே என்று கிறிஸ்தவர் பலர் எண்ணிய வேளையில், எரிந்தவை தேவனுடைய வீடுகளே என்று காணும் பார்வை அந்த ஓரக்குறிப்பில் பதிவாகியுள்ளது. நாள்தோறும் சங்கீதங்களை ஜெபித்துப் பழகாத கண்ணுக்கு அது எளிதில் வாய்த்திராது.

இதனால் வாசிப்பு தானாகவே சீடத்துவத்தை விளைவிக்கும் என்று முடிவுகட்ட இயலாது. ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சகோதரர் 1728-இல் தொடங்கிய ‘லோசுங்கன்’ என்னும் அன்றாட வசன வரிசையை, நாஜிக் கொடுமைகளின் முன் வாய்மூடி இருந்த ஜெர்மானியக் குடும்பங்களும் வாசித்தே வந்தன. புத்தாண்டு ஆராதனையில் அவ்வாண்டுக்கான வசனம் தாங்கிய வாக்குத்தத்த அட்டை பெறும் தமிழ்ச் சபையினருக்கும் இது நெருக்கமான சிக்கல்: வசனம் எதிர்காலத்தைக் கணிக்கும் குறியாகுமா, கீழ்ப்படிதலுக்கான அழைப்பாகுமா? இக்கேள்விக்குப் போன்ஹோஃபரின் வாழ்விலேயே ஒரு விடை உண்டு. 1939 ஜூனில், அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்க வாய்த்த பணியை அவர் மறுத்தார். குளிர்காலத்துக்குமுன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்கும் வசனம் சில நாள் கழித்தே அவர்முன் வந்தது. அதைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். முடிவெடுக்கும் பொறுப்பை அவர் வசனத்தின்மேல் சுமத்தவில்லை. எடுத்த முடிவில் நிலைத்து நிற்க அதனிடம் செவிகொடுத்தார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார்.